ஆறு மனைப்பிரிவுகள், ஒரே சாலை: புறநகர் ஊராட்சி ஒன்றின் தெருவலை குறித்த நிகழ்வு ஆய்வு

கொங்கு மண்டலத்தில் மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் 2019 முதல் 2024 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், மனைப்பிரிவுகள், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. நான் சிவில் படித்து நகரமைப்புப் படங்கள் வரைபவன். குடியிருப்போர் சங்கம் ஒன்று கேட்டதால் அங்கே போனேன். ஆகவே வெளியாளாகவும் இருந்தேன், பாதி வழியில் அவர்களில் ஒருவனாகவும் ஆகிவிட்டேன். அந்தச் சாய்வு இந்த எழுத்தில் இருக்கும்.

பின்னணி: பூமி சைட் ஆன கதை

ஊருக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஒரு சாலை போகிறது. பழைய வண்டித்தடம்தான் தார் போட்டு அகலமானது. அதற்கு வடக்கே இருந்ததெல்லாம் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் இருந்தவரை பருத்தியும் மஞ்சளும் விளைந்தன. பிறகு தென்னை வைத்தார்கள். போர்வெல் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்தது என்றானதும் பூமி விற்பனைக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூமிகள் எல்லாமே சாலையிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் நீண்ட பட்டைகள். அதற்குக் காரணம் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி நான்கு பேர் பாகம் பிரித்தால் நான்கு பேருக்கும் ரோட்டு முகம் வேண்டும். குறுக்கே வெட்டினால் பின்பாகம் யாருக்கு என்று சண்டை வரும். நெடுக்கே வெட்டினால் சண்டை இல்லை. இரண்டு தலைமுறை இப்படிப் பிரித்ததில் அகலம் குறைந்து நீளம் மட்டும் அப்படியே நின்றது.

இந்தப் பட்டைகளைப் புரமோட்டர்கள் ஒவ்வொன்றாக, சிலவற்றைப் பக்கத்துப் பட்டையோடு சேர்த்து வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் 30 அடி ரோடு, இருபுறமும் சைட், இடையிடையே மதிலில் போய் முட்டும் குட்டைக் குறுக்குத் தெருக்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இப்படி ஆறு மனைப்பிரிவுகள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. மேலிருந்து பார்த்தால் சீப்பு மாதிரி இருக்கும். தெற்குச் சாலை முதுகு, ஆறு மனைப்பிரிவும் ஆறு பல்.

மேற்கிலிருந்து எண் கொடுத்துக்கொள்கிறேன். ஒன்றும் நான்கும் 1990களில் பஞ்சாயத்து அப்ரூவலில் போட்டவை, அதாவது தலைவர் கையெழுத்தும் முத்திரையும்தான். மூன்றும் ஐந்தும் 2000களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றவை. இரண்டு, கேட் போட்ட வில்லாக் குடியிருப்பு. ஆறு எந்த அனுமதியும் இல்லாமல் விற்றது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர், மற்ற நாளில் குப்பை.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. தொடர்ந்து 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. ஆறாம் மனைப்பிரிவு அப்போதுதான் வரன்முறை ஆனது. நிலம் முழுவதையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அது நல்ல சமயம். ஆனால் விண்ணப்பத்தோடு வந்த படத்தில் அந்த மனைப்பிரிவு மட்டும்தான் இருந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் ‘எஸ்.எஃப். எண் இத்தனை’ என்று புல எண்ணை மட்டும் எழுதி வெற்றிடமாக விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்தில் அப்போது நூறு வீடு இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது

என்னை அழைத்தவர் மூன்றாம் மனைப்பிரிவின் வடகோடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், ஐந்தாம் மனைப்பிரிவின் கோடியில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் பிரேயருக்கு வரிசை நிற்பது தெரியும்.

“பெல் அடிச்சா மொதல்ல எங்க வீட்டுக்குத்தானுங்க சார் கேக்கும். ஆனா பேத்தி அரை மணி நேரம் முன்னாடியே கெளம்போணும்” என்றார்.

நேர்க்கோட்டில் சுமார் 300 மீட்டர். ஆனால் தெற்கே இறங்கி, சாலையில் நான்காம் மனைப்பிரிவு வாசலைக் கடந்து, ஐந்தாவதில் மறுபடி வடக்கே ஏற வேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டே மீட்டர் சக்கரத்தில் அளந்தேன், 2.3 கிலோமீட்டர் வந்தது. அதில் சாலையில் போக வேண்டிய 400 மீட்டர்தான் சிக்கல். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் போகும் சாலை அது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஹாலோ பிளாக் மதில். மதிலின் அடியில் ஓரிடத்தில் இரண்டு கல் புதிதாக வைத்துப் பூசியிருந்தது தெரிந்தது. அதன் மேல்கல்லின் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பல வருடம் பிள்ளைகள் கை ஊன்றிக் குனிந்து போன இடம். 2018இல் நான்காம் மனைப்பிரிவில் ஒரு செயின் பறிப்பு நடந்தது. திருடன் அந்த ஓட்டை வழியாகத்தான் ஓடினான் என்று அடைத்துவிட்டார்கள். மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள். அவன் அந்த வழியாகத்தான் ஓடினான் என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தது

‘சுத்தி வர வேண்டியிருக்குது’ என்ற புகாரை அதிகாரி முன் வைக்க எண் வேண்டும். பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதித் தெருக்கள்தான் இருந்தன. மீதியை நடந்து சேர்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

தெருவலையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தெருக்கள் சந்திக்கும் இடம், முடியும் இடம் எல்லாவற்றையும் புள்ளி என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தெருத்துண்டு ஓர் இணைப்பு. மரம் மாதிரி கிளை விட்டுக்கொண்டே போய் எங்கும் மறுபடி சேராத வலையில், இணைப்புகள் புள்ளிகளைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருக்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வளையம், அதாவது வந்த வழியே திரும்பாமல் வீடு வந்து சேர ஒரு வழி. சதுரங்கப் பலகை போன்ற பெரிய கட்டத் தெருவலையில் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய இரண்டு இணைப்பு வரும்.

எங்கள் ஆறு மனைப்பிரிவுகளில் 86 புள்ளி, 93 இணைப்பு. விகிதம் 1.08. மரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு முனைச் சந்திப்பு நான்கே நான்கு. முடியும் புள்ளிகள் 38, அதில் இரண்டு நான் படத்தை வெட்டிய இடம் என்பதால் உண்மையான முட்டுச்சந்து 36. வளையம் எட்டு. அந்த எட்டும் ஏதாவது ஒரு மனைப்பிரிவுக்குள்ளேயேதான் இருந்தன. எல்லையைத் தாண்டிய வளையம் ஒன்றுகூட இல்லை.

இது இந்த ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுக்க இதே கணக்கைப் போட்டு 2020இல் வெளியிட்டார்கள். 1975க்குப் பிறகு கட்டிய தெருக்கள் உலகின் பெரும்பகுதியில் வரவர இணைப்புக் குறைந்தே அமைந்திருக்கின்றன என்றார்கள். கட்டடம் இடிந்தாலும் தெரு மாறுவது அரிது என்பதால் இன்று போடும் கோடு பல தலைமுறைக்கு நிற்கும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. மதுரையின் மாசி வீதிகளில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய புலப்படங்களை வாங்கி ஒட்டிப் பார்த்தபோது, ஆறு பட்டைகளையும் வடக்குப் பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் இரட்டைக்கோடு ஓடியது. இட்டேரி. இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகத் தடம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், பள்ளத்துக்கு அக்கரையில் இருந்த மாமன் வீட்டுக்கு அந்த வழியாகத்தான் போனதாகச் சொன்னார். ஆக, தோட்டமாக இருந்த காலத்தில் இந்த ஊருக்குக் குறுக்கு வழி இருந்தது. வீடுகள் வந்தபோது அது போய்விட்டது. சில இடத்தில் அந்தத் தடம் புறம்போக்கு, சில இடத்தில் பட்டா பூமியில் விட்டுக்கொடுத்த வழி. பட்டாவில் இருந்ததெல்லாம் சைட்டுக்குள் போய்விட்டது. நான்காம் மனைப்பிரிவில் பதினொரு வீட்டின் பின்கட்டு அதன் மேல்தான் நிற்கிறது.

எந்தப் புரமோட்டரும் வழியை அடைக்கத் திட்டம் போடவில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒவ்வொரு மனைப்பிரிவும் தனக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. எல்லைக்கோடு மட்டும் யாருடைய படத்திலும் நடுவில் வரவில்லை.

என் பிழை

2019 இறுதியில் நான் செய்தது தவறு. உற்சாகத்தில், செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏழு இணைப்புகளைச் சிவப்புக் கோட்டில் வரைந்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். எந்தக் கோட்டுக்கு அடியில் யாருடைய பட்டா இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு கோடு இரண்டாம் மனைப்பிரிவின் பூங்கா ஓரமாகப் போனது. பொது ஒதுக்கீடாக விட்ட திறந்தவெளியைச் சாலையாக்க முடியாது என்பது எனக்குத் தெரியாத விதி இல்லை, அவசரத்தில் மறந்தது.

படம் ஒரே இரவில் ஆறு குழுக்களுக்கும் போனது. ‘ரோடு வருது, வீடு போகுது’ என்று சேதி பரவியது. இரண்டாம் மனைப்பிரிவினர் பத்து நாளில் மதிலை மூன்று அடி உயர்த்தி, மேலே கம்பிவேலியும் போட்டார்கள். அந்த மதில் இன்றும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. நான் வரையாமல் இருந்திருந்தால் அது ஐந்தடியில் நின்றிருக்கும்.

யாரிடம் போய் பேசுவது என்ற சிக்கலும் இருந்தது. 2016 அக்டோபரோடு ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்தான் பொறுப்பில் இருந்தார். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரியில்தான் புதிய தலைவர் வந்தார். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது.

2020: தகரம்

பேச்சை மாற்றியது நாங்கள் யாரும் இல்லை. நோய்த்தொற்று வந்தவுடன் நான்காம் மனைப்பிரிவைக் கட்டுப்பாட்டுப் பகுதி ஆக்கித் தெருவாயில் தகரம் அடித்தார்கள். உள்ளே இருந்த அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு வாய்தான். பால் வண்டி வெளியே நின்றது. தகரத்தில் ஒரு சந்து விட்டு அதில் கேனை நீட்டினார்கள். டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை போகவேண்டிய ஒருவருக்காக ஒவ்வொரு முறையும் போன் செய்து தகரத்தை அவிழ்க்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் மூன்றாம் மனைப்பிரிவிலிருந்து ஆசிரியையும் வேறு சிலரும் காய்கறிப் பையை மதிலுக்கு மேல் கயிற்றில் இறக்கினார்கள். கண்ணாடிச் சில்லில் பை கிழியாமல் இருக்க ஒரு சாக்கை நான்காக மடித்து மதிலில் போட்டு வைத்திருந்தார்கள். தகரம் போன பிறகும் அந்தச் சாக்கு பல மாதம் அங்கேயே கிடந்தது.

அடுத்த ஆண்டு நான்காம் மனைப்பிரிவின் சங்கச் செயலாளர், மதில் ஓட்டையை அடைத்ததில் முன்னால் நின்றவர், அவராகவே கூப்பிட்டார். “தம்பி, திருடன் வர்ற வழின்னு அடைச்சோம். நாங்க போற வழியும் அதுதான்னு அப்புறந்தான் தெரிஞ்சுது” என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஏழு கோட்டை விட்டுவிட்டோம். இரண்டே இணைப்பு, அதுவும் பள்ளிக்குப் போகும் திசையில் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைகளுக்குப் பயன். ஒன்றை மட்டும் திறந்தால் ஒரு முட்டுச்சந்திலிருந்து இன்னொரு முட்டுச்சந்துக்குப் போய் நிற்பார்கள்.

முதல் இணைப்பு மூன்றிலிருந்து நான்குக்கு. இரு பக்கமும் தெரு மதிலில் வந்து நேருக்கு நேர் முட்டியிருந்தது. மதிலை எடுத்தால் போதும் என்று நினைத்தோம். அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்றாம் மனைப்பிரிவின் தெரு எல்லைவரை வரவில்லை, ஓர் அடி முன்னால் நின்றுவிட்டது. ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தபோது புரமோட்டர் கடைசி ஓர் அடியை அளவில் சேர்க்காமல் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். 30 அடிக்கு 1 அடி, மொத்தம் 30 சதுர அடி. ஒரு கட்டில் போடலாம். பக்கத்துப் பூமிக்காரன் நாளைக்கு சைட் போட்டால் இந்த ரோட்டை இலவசமாகப் பயன்படுத்திவிடக் கூடாது, நம்மிடம் வந்து விலை பேச வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தத் தொழிலில் இது பரவலாக நடப்பதுதான். படத்தில் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும்.

அந்தப் புரமோட்டர் காலமாகிவிட்டார். மகன்கள் இருவர். முதல் சந்திப்பில் சதுர அடி விலையைக் கேட்டார்கள். இரண்டாம் முறை தலைவர், ஆசிரியை, செயலாளர் மூவரும் போனார்கள். நான் போகவில்லை, என்னைப் பார்த்தாலே சிவப்புக் கோடு நினைவுக்கு வரும் என்று ஆசிரியை நிறுத்திவிட்டார். மூத்த மகனின் பிள்ளை அவரிடம் படித்தவனாம். அது எவ்வளவு வேலை செய்தது என்று தெரியாது. அந்தத் தெருவுக்கு அப்பா பெயர் வைத்தால் எழுதிக் கொடுக்கிறோம் என்றார்கள். 2022 மே 1 கிராம சபையில் தெருப்பெயர், இணைப்பு இரண்டுக்கும் தீர்மானம் நிறைவேறியது. தானப் பத்திரம் அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பதிவானது.

நான்காம் மனைப்பிரிவின் தெருக்களுக்குத் தானப் பத்திரமே இல்லை. 1990களின் பஞ்சாயத்து அப்ரூவலில் அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு மேலாக ஊராட்சி தார் போட்டு, தெருவிளக்குப் போட்டு, சாலைப் பதிவேட்டிலும் ஏற்றியிருந்தது. அதன் பேரில் பொதுத்தெரு என்று நடவடிக்கை எடுத்தார்கள். யாராவது வழக்குப் போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது இணைப்பு நான்கிலிருந்து ஐந்துக்கு. அங்கேதான் இட்டேரியின் ஒரு துண்டு புறம்போக்காகவே மிஞ்சியிருந்தது. மூன்றரை மீட்டர் அகலம், சீமைக்கருவேலம் அடர்ந்து, பாட்டிலும் பழைய கமோடும் கிடந்தன. சர்வேயர் வந்து கல் தேடினார். ஒரு கல் கிடைத்தது, மற்றது ஒரு வீட்டுச் செப்டிக் டேங்க் ஓரமாகப் புதைந்திருந்தது. அந்த அகலத்தில் கார் போகும். ஆனால் நான்காம் மனைப்பிரிவினர் ஒரே நிபந்தனை வைத்தார்கள். நடக்கவும் சைக்கிளுக்கும் மட்டும்தான், கார் வரக் கூடாது. ஐந்தாவதில் உள்ள கல்யாண மண்டபத்துக்கு வரும் வண்டியெல்லாம் தங்கள் தெருவில் புகுந்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். நடுவில் மூன்று கல்தூண் நட ஒப்புக்கொண்டோம்.

எதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் மனைப்பிரிவின் கேட்டை யாரும் தொடவில்லை. பள்ளத்தின் மேல் பாலம் கட்டி ஆறை இணைப்பது அவசியமானது, ஆனால் ஊராட்சிக் காசில் ஆகாது. நீர்வழித்தடம் என்பதால் வேறு துறையின் அனுமதியும் வேண்டும். வெள்ளம் எவ்வளவு வரும் என்று பார்க்காமல் சிறிய குழாய் போட்டு மூடினால் மழைக்கு ஐந்தாம் மனைப்பிரிவுதான் முழுகும். தலைவர் ‘குழாய் போட்டுடலாம்’ என்றபோது நான்தான் வேண்டாம் என்றேன்.

திறந்த பின்

2023 கோடை விடுமுறையில் வேலை முடிந்தது. முதல் இணைப்புக்குப் பேவர் பிளாக், இட்டேரித் துண்டுக்கு இரண்டு தெருவிளக்கு. மதிலை இடித்த அன்று பெரிய விழா எதுவும் இல்லை. ஜேசிபி வந்து இருபது நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போனது. தேய்ந்த விளிம்புள்ள அந்தக் கல்லை ஆசிரியை எடுத்துத் தன் வீட்டுத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிரிக்கும் சுவரை எடுத்துத் தெருவாக்குவது நமக்குப் புதிதில்லை. 1840களில் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்ததில் வந்தவைதான் அங்குள்ள வெளி வீதிகள். அவரிடம் அதிகாரம் இருந்தது. நாங்கள் 30 சதுர அடிக்கு ஓராண்டு அலைந்தோம்.

ஆசிரியை வீட்டிலிருந்து பள்ளிக்கு இப்போது 550 மீட்டர். தெருவலைக் கணக்கில் பார்த்தால் மாற்றம் அற்பம். நடப்பவர்களுக்கு முட்டுச்சந்து 36லிருந்து 32 ஆனது, விகிதம் 1.08லிருந்து 1.11. வளையம் எட்டு பத்தாயிற்று, அவ்வளவுதான். சராசரியைப் பார்த்து முடிவெடுக்கும் அலுவலர் ஒருவர் ‘இதுக்கா இவ்ளோ பாடு?’ என்று கேட்டால் அந்தத் தாளில் பதில் இருக்காது. எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இணைப்பு விழுந்தது என்பதைச் சராசரி சொல்லாது.

காலை எட்டரைக்கு நின்று பார்த்தேன். பிள்ளைகள் மட்டும் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ரேஷன் கடைக்குப் போகும் பெண்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், பால் கேன் கட்டிய சைக்கிள் எல்லாம் வந்தன. குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி முன்பெல்லாம் ஒவ்வொரு தெருவிலும் கோடிவரை போய் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும். மூன்றிலிருந்து நான்குக்கு நேராகப் போவதால் தூய்மைக் காவலர்களுக்கு வேலை நேரம் குறைந்தது. இதை அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கணக்கில் வைக்கவே இல்லை.

கெட்டதும் வந்தது. இணைப்பை ஒட்டிய நான்கு வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி போயிற்று. முன்பு அவர்கள் வாசலில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். இப்போது பைக்குகள் பறக்கின்றன. அவர்களே செங்கல்லை அடுக்கி வேகத்தடை போட்டார்கள், அது உயரமாகப் போய் ஒரு வயதானவர் மொபெட்டோடு விழுந்தார். பிறகு ஊராட்சி முறையாகப் போட்டது. இணைப்பால் எல்லாருக்கும் கிடைத்த சௌகரியத்தின் விலையை அந்த நான்கு வீடுதான் கட்டியது. அவர்களிடம் முன்கூட்டித் தனியாகப் போய்ப் பேசியிருக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் கையைத் தூக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள் என்பது போதுமானதாக இல்லை.

செயின் பறிப்பு பற்றிய பயம்? திறந்த முதல் ஆண்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓராண்டை வைத்து எதுவும் சொல்லவும் கூடாது.

மினி பஸ் வரவில்லை. அதற்குத் திரும்பாமல் சுற்றிப் போக ஒரு வளையம் வேண்டும். கல்தூண் நட்டதால் வண்டிகளுக்கு வளையம் ஐந்தாம் மனைப்பிரிவுவரை போகவில்லை. பஸ் கேட்டு மனு எழுதியபோதுதான் இது உறைத்தது. தூணுக்குச் சம்மதித்தது சரியா என்று அவ்வப்போது யோசிக்கிறேன். தூண் இல்லை என்றால் இணைப்பே இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை. ஆனால் தூணைக் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கலாம். ஆம்புலன்ஸுக்காவது திறந்திருக்கும். கான்கிரீட்டில் புதைத்துவிட்டோம்.

மறுபடி செய்தால்

படத்தைக் கடைசியில் காட்டுவேன். முதலில் ஒவ்வொரு முட்டுச்சந்தின் கோடியிலும் போய் அளந்து, அந்தக் கடைசி அடி யார் பெயரில் இருக்கிறது என்று வில்லங்கம் பார்த்து வைத்துக்கொள்வேன். எங்கள் ஆறு மனைப்பிரிவுகளில் பிறகு தேடியதில் இன்னும் ஐந்து தெருக்கோடிகளில் இதே ஓர் அடி இருந்தது.

வீடு வந்த பிறகு ஓர் இணைப்புக்கு நான்கு ஆண்டு ஆகிறது. தோட்டமாக இருக்கும்போதே குறுக்குச் சாலைகளின் கோட்டை மட்டும் போட்டுவைத்தால், பட்டை பட்டையாக விற்றாலும் தெருக்கள் கோர்த்துக்கொள்ளும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் விரிவான வளர்ச்சித் திட்டம் அதற்குத்தான். அதற்கும் முன்னால், 1920ஆம் ஆண்டு சென்னை நகரமைப்புச் சட்டம் வந்த சில ஆண்டுகளில், ஏரியை எடுத்துத் தியாகராய நகரை வரைந்தபோது தெருக்களைத்தான் முதலில் போட்டார்கள். அகமதாபாத்தில் இன்றும் பலருடைய நிலத்தைச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைச் சாலைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாக வெட்டித் திருப்பிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரின் நான்கு பங்காளிகளும் அதற்கு ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டால், ரோட்டு முகம் நாலு பேருக்கும் கிடைக்கும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள் என்றே படுகிறது.

இப்போதைய நிலை

முதல் மனைப்பிரிவுக்கு மேற்கே இன்னொரு பட்டை 2023 இறுதியில் கைமாறியது. இந்த முறை முன்கூட்டியே உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு, பக்கத்து மனைப்பிரிவின் தெருக்கோடிகளைக் குறித்த படத்தோடு மனு கொடுத்தோம். குழுமம் கொடுத்த அனுமதியில் புதிய மனைப்பிரிவின் மூன்று குறுக்குத் தெருக்களும் கிழக்கு எல்லைவரை போக வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ஆசிரியை எனக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார்.

2024 ஆகஸ்டில் தெருக்களைத் தானமாகக் கொடுத்த பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். இரண்டு தெருக்கள் எல்லைவரை இருந்தன. மூன்றாவது தெருவின் கிழக்குக் கோடியில் தனியாக ஓர் உட்பிரிவு எண். அகலம் 0.3 மீட்டர். அதையும் தானத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது.